அணுமின் நிலையம் வர்றதுக்கு முன்னாடி லாக் புக்கப் பத்திப் பேசுவோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா நம்ம பத்திரிகையில அணுமின் நிலையம் பத்தி வாசகர் கடிதம் மாத்தி மாத்தி வந்துக்கிட்டிருக்கு. ஒருத்தர் செர்னோபில் மாதிரி நம்ம நாடும் அழிஞ்சிடும்னு எழுதுறார், இன்னொருத்தர் இப்ப வர்ற டெக்னாலஜில விபத்துக்கு வாய்ப்பே இல்லன்னு அடிச்சுச் சொல்றார். ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துலதான் எழுதுறாங்க, ஆனா ரெண்டு பேருமே ஒரு விஷயத்தத் தொடாமப் போயிட்டாங்க, அதனாலதான் நான் எழுத உக்காந்தேன். நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல, பிறை தொழிற்பேட்டையில 31 வருஷம் எலெக்ட்ரிக்கல் சார்ஜ்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். சுவிட்ச்போர்டு, பம்ப், கரண்ட் போனா ஓட்டுற டீசல் ஜெனரேட்டரான ஜென்செட், இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில, பேர் வேணாம், ரெண்டு ஜென்செட் இருந்துச்சு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலையில 15 நிமிஷம் ஓட்டிப் பாக்கணும், ஆயில் பிரஷர், தண்ணி சூடு, பேட்டரி வோல்டேஜ் எல்லாத்தையும் லாக் புக்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். முதல்ல ஒழுங்காத்தான் நடந்துச்சு. அப்புறம் ஆளக் குறைச்சாங்க, புரொடக்‌ஷன் அவசரம், டீசல் செலவு, புகை வருதுன்னு ஆபீஸ்ல புகார், இப்படி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாத் தவற ஆரம்பிச்சுது, ஆனா லாக் புக்ல மட்டும் ஒரு வாரம்கூடத் தவறல. போன வாரம் எழுதுன நம்பரையே கொஞ்சம் மாத்தி இந்த வாரமும் எழுதிட்டுப் போயிடுவோம். எழுதுவோம்னுதான் சொல்றேன், அதுல என் கையெழுத்தும் இருக்கு.

ஒரு நாள் நல்ல மழை, சப்ஸ்டேஷன் டிரிப் ஆகி ஆலை முழுக்க இருட்டு. ஒரு ஜென்செட் பேட்டரி செத்துப் போய் ஸ்டார்ட்டே ஆகல. இன்னொண்ணு ஸ்டார்ட் ஆச்சு, ஆனா பிரேக்கர் இறுகிப் போயி லோட எடுக்கல. கெமிக்கல் டேங்க் இருந்த ரூம்ல காத்து இழுக்குற ஃபேன் நின்னுடுச்சு, உள்ள மாட்டிக்கிட்ட ரெண்டு பையனுங்கள மயக்கத்துல தூக்கிட்டு வந்தோம். பொழச்சிக்கிட்டாங்க, கடவுள் புண்ணியம். அப்புறம் விசாரிக்க வந்தவங்க லாக் புக்கப் புரட்டிப் பாத்துட்டு, பராமரிப்பு ஒழுங்கா நடந்திருக்கு, இது எதிர்பாராத கோளாறுன்னு எழுதிட்டுப் போனாங்க. அந்த வரி இன்னைக்கும் என்னை உறுத்துது.

அதனாலதான் 2011 மார்ச்ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துச் செய்தி டிவில ஓடுனப்ப எல்லாரும் அந்தக் கட்டடம் வெடிக்கிறதப் பாத்தாங்க, நான் ஜென்செட்ட எங்க வெச்சிருந்தாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். இது ஏன் முக்கியம்னா, அணு உலைய நிறுத்துறது கேஸ் அடுப்பத் திருகி மூடுற மாதிரி இல்ல. விறகடுப்பு மாதிரி, நெருப்ப அணைச்சாலும் தணல் கிடக்கும். 1000 மெகாவாட் கரண்ட் எடுக்குற உலைக்குள்ள கிட்டத்தட்ட 3000 மெகாவாட் சூடு உண்டாகுது, உலை நின்ன அந்த நொடியிலயும் அதுல நூத்துக்கு ஆறு ஏழு பங்கு மிச்சம் இருக்கும், அதாவது 200 மெகாவாட் கிட்ட. மணிக்கணக்குல அது இறங்கிக்கிட்டே வரும், ஆனா நிக்காது. நாள்கணக்கா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், தண்ணி ஓட பம்ப் வேணும், பம்ப்புக்கு கரண்ட் வேணும். ஊருக்கே கரண்ட் குடுக்குற இடம், தன் உயிருக்கு வெளியிலேர்ந்து வர்ற கரண்ட்டயும் ஜென்செட்டயும் நம்பித்தான் நிக்குது.

மார்ச் 11, மதியம் 2.46-க்கு 9.0 அளவு நிலநடுக்கம். ஓடிக்கிட்டிருந்த மூணு உலையும் தானா நின்னுச்சு. வெளிய இருந்து வர்ற கரண்ட் லைன் எல்லாம் போச்சு, ஜென்செட் தானா ஸ்டார்ட் ஆச்சு. அதுவரைக்கும் எல்லாம் புத்தகத்துல எழுதுனபடிதான். ஏறக்குறைய 50 நிமிஷம் கழிச்சு 14, 15 மீட்டர் உயரத்துக்கு அலை வந்துச்சு, நிலையம் இருந்த தரையோ கடல் மட்டத்துல இருந்து 10 மீட்டர்தான். பெரும்பாலான ஜென்செட்டும் சுவிட்ச்போர்டும் கட்டடத்தோட அடித்தளத்துல இருந்துச்சு. முங்கிடுச்சு. சுவிட்ச்போர்டே முங்குனா அப்புறம் ஜெனரேட்டர் லோரி வந்தாலும் எங்க போய் மாட்டுவீங்க? கன்ட்ரோல் ரூம்ல இருட்டு, மீட்டர் எதுவும் காட்டல, ஆளுங்க காரு பேட்டரியக் கழட்டிட்டு வந்து மீட்டருக்கு மாட்டிப் பாத்தாங்க. இதப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா நானும் டார்ச் லைட்டு வெளிச்சத்துல அப்படி நின்னவன். மூணு உலை உருகுச்சு. அதே இடத்துல 6-வது உலைக்கு இருந்த ஒரு ஜென்செட், காத்துல ஆறுற வகை, மேட்டுல இருந்ததால தப்பிச்சுது, அந்த ஒண்ணு 5-வது 6-வது உலை ரெண்டையும் காப்பாத்திடுச்சு.

அப்ப சோவியத் யூனியன்ல இருந்த செர்னோபில் நிலையத்து விபத்தும் கரண்ட்டு விவகாரத்துலதான் ஆரம்பிச்சுதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1986 ஏப்ரல் 26 ராத்திரி அவங்க பண்ணிக்கிட்டிருந்தது ஒரு டெஸ்ட். வெளிய கரண்ட் போச்சுன்னா ஜென்செட் முழு வேகம் எடுக்க ஒரு நிமிஷம் கிட்ட ஆகும், அந்த ஒரு நிமிஷத்துக்கு, சுத்தி ஓயற டர்பைன்ல இருந்தே பம்ப்ப ஓட்ட முடியுமான்னு பாக்குறதுதான் அந்த டெஸ்ட். பகல்ல பண்ண வேண்டியத கியேவ்ல கரண்ட் தேவைப்படுதுன்னு தள்ளிப் போட்டாங்க, கடைசியில தயாராகாத ராத்திரி ஷிஃப்ட் தலையில விழுந்துச்சு. பவர் ரொம்ப இறங்கிடுச்சு, அப்பவே நிறுத்திருக்கணும், நிறுத்தல, உலைய அடக்கி வெக்கிற கட்டுப்பாட்டுக் கம்பிகள ஒண்ணொண்ணா வெளிய இழுத்து உலைய எழுப்பப் பாத்தாங்க. 1.23-க்கு அவசர பட்டன அமுக்குனாங்க. அந்த உலையோட கட்டுப்பாட்டுக் கம்பி நுனியில கிராஃபைட் இருந்ததால, உள்ள இறங்குற முதல் சில நொடியில அது உலைய அடக்குறதுக்குப் பதிலா இன்னும் தூண்டி விட்டுடுச்சு. பிரேக்க மிதிச்சா வண்டி பாயுற மாதிரி.

அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட், 1979 மார்ச் 28. அது ஒரு லைட்டு. பிரஷர வெளியேத்துற வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சு, ஆனா பேனல்ல லைட்டு அணைஞ்சிருந்ததால வால்வு மூடியிருக்குன்னு ஆபரேட்டருங்க நினைச்சாங்க. அந்த லைட்டு வால்வு மூடுச்சான்னு காட்டல, மூடச் சொல்லி சிக்னல் போச்சான்னுதான் காட்டுச்சு. சார்ஜ்மேன் வேலை பாக்குற எந்தப் பையனுக்கும் இது புரியும், வால்வு நிஜமா மூடுச்சான்னு காட்டுற லிமிட் சுவிட்ச் வால்வு மேலயே இருக்கணும், வால்வுக்கு சிக்னல் குடுக்குற காயில்ல இருந்து வயர் இழுத்து லைட்டு போடக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அந்த வால்வு வழியா தண்ணி போயிக்கிட்டே இருந்துச்சு. ஆபரேட்டருங்களோ உள்ள தண்ணி அதிகம்னு நினைச்சு, அவசரத்துக்கு உள்ள வந்துக்கிட்டிருந்த தண்ணியயும் குறைச்சாங்க. உலையில பாதி உருகிடுச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இந்த மூணு விபத்தும், நடக்குறதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் மேசையில காகிதமா இருந்துச்சு. த்ரீ மைல் ஐலண்ட்ல மாட்டுன அந்த மாதிரி வால்வு, 18 மாசத்துக்கு முன்னாடி 1977 செப்டம்பர்ல டேவிஸ் பெஸ்ஸிங்கிற இன்னொரு நிலையத்துல இதே மாதிரி மாட்டிக்கிச்சு, அங்கேயும் ஆபரேட்டருங்க இதே தப்பத்தான் பண்ணாங்க, பவர் கம்மியா ஓடுனதால தப்பிச்சாங்க. அந்தப் பாடம் த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டருங்ககிட்ட வந்து சேரவே இல்ல. செர்னோபில் கம்பி நுனிப் பிரச்சினை 1983-லயே லித்துவேனியாவுல இக்னலினா நிலையத்துல தெரிஞ்சு போச்சு, அந்த ராத்திரி பட்டன அமுக்குன ஆபரேட்டருக்குத் தெரியாது. ஃபுகுஷிமாவுக்கு 15.7 மீட்டர் வரைக்கும் அலை வரலாம்னு அந்த நிலையத்த நடத்துன கம்பெனியே 2008-ல கணக்குப் போட்டு வெச்சிருந்துச்சு. சுவரும் உசரல, ஜென்செட்டும் மேல ஏறல. ஜப்பான் நாடாளுமன்றம் அமைச்ச விசாரணைக் குழு 2012-ல இது மனுஷங்க உண்டாக்குன பேரழிவுன்னே எழுதிடுச்சு. எங்க ஆலையில இருந்தது சின்ன லாக் புக், அவங்ககிட்ட இருந்தது பெரிய லாக் புக், ஐயா.

மறைக்கிறது விபத்துக்கு அப்புறமும் கொல்லும். செர்னோபில் வெடிச்சது சனிக்கிழமை விடியக்காலை, பக்கத்துல பிரிப்யாட் ஊர்ப் பிள்ளைங்க அன்னைக்குப் பள்ளிக்கூடம் போச்சுங்க. ஊரக் காலி பண்ணது மறுநாள் மதியம். 28-ஆம் தேதி சுவீடன்ல ஃபார்ஸ்மார்க் நிலையத்துல ஒரு தொழிலாளியோட காலணியில கதிர்வீச்சு அலாரம் அடிச்சப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது, அதுவும் சுவீடன்காரங்க துருவிக் கேட்டதால. மே 1-ஆம் தேதி கியேவ்ல ஊர்வலம் நடத்துனாங்க. புல்லுல விழுந்த கதிர்வீச்சு அயோடின் மாட்டுப்பால் வழியா பிள்ளைங்க தொண்டைக்குப் போச்சு, பின்னால தைராய்டு புற்றுநோய் வந்தவங்க 6,000 பேருக்கு மேல, 2005 வரைக்குமான கணக்கு இது. 1957-ல இங்கிலாந்துல விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடிச்சப்ப 500 சதுர கிலோமீட்டர்ல கறந்த பால எடுத்துக் கொட்டுனாங்க. 29 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச வைத்தியம். சில வாரம் பாலக் குடுக்காதீங்கன்னு ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எத்தனையோ பிள்ளைங்க தப்பிச்சிருக்கும்.

இது எங்கேயோ ரஷ்யாக்காரன் கதைன்னு நாம தள்ளிட முடியாது. 2004 டிசம்பர் 26, பினாங்குல இருந்த யாரும் மறக்க மாட்டோம். காலையில 9 மணிக்கு சுமாத்ராவுல நிலநடுக்கம், இங்க ஃபிளாட்டு ஆடுச்சு, ஆளுங்க கீழ இறங்கி நின்னு பேசிட்டு மறுபடி மேல போனாங்க. பாசிர் பாஞ்சாங்ல, பத்து பெரிங்கில அலை வந்து அடிச்சது மதியம் ஒரு மணிக்கு மேல. நாலு மணி நேரம் ஐயா! நடுவுல ஒருத்தர்கூட கடற்கரைக்குப் போகாதீங்கன்னு சொல்லல. நாடு முழுக்க செத்த 68 பேர்ல பெரும்பாலானவங்க எங்க மாநிலத்துல. என் மச்சான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு அன்னைக்கு பத்து பெரிங்கிக்குத்தான் போயிருந்தான், சாப்பிட மேல ஏறி வந்ததால பொழச்சாங்க. அதே நாள் அதே அலை தமிழ்நாட்டுல கல்பாக்கம் அணுமின் நிலையத்துலயும் அடிச்சுது. அங்க ஓடிக்கிட்டிருந்த உலைய ஆபரேட்டருங்க பாதுகாப்பா நிறுத்திட்டாங்க, அது நிஜம், பாராட்டணும். ஆனா பம்ப் ஹவுஸ்ல கடல் தண்ணி ஏறுச்சு, பக்கத்துல புது உலைக்குத் தோண்டுன பள்ளம் நிரம்பிடுச்சு, ஊழியர் குடியிருப்புல உயிர் போச்சு.

இன்னொண்ணு ஞாபகப்படுத்துறேன். ஜெரெபு, அதாவது புகைமூட்டம், வந்தா இப்ப எல்லாரும் போன்ல காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற ஐபியு நம்பரப் பாக்குறோம். அந்த நம்பரயே பல வருஷம் அரசாங்கம் வெளிய சொல்லாம வெச்சிருந்துச்சு, 2005 ஆகஸ்ட்ல கிள்ளான் பக்கம் மூச்சு விட முடியாத நிலைமை வந்தப்பதான் வெளியிட்டாங்க. சுவாசிக்கிற காத்தோட கணக்கே ரகசியம்னா, கதிர்வீச்சுக் கணக்க நமக்குச் சொல்லுவாங்கன்னு நான் எப்படி நம்புறது?

ஈப்போ பக்கம் புக்கிட் மேரா பெரியவங்களக் கேட்டா இன்னும் சொல்லுவாங்க. ஈய லம்பத்துல, அதாவது சுரங்கத்துல, மிஞ்சுன அமாங் மண்ணுல இருந்து அரிய மண் உலோகம் எடுக்க 1982-ல ஆலை தொடங்குனாங்க, கதிர்வீச்சு உள்ள தோரியம் கலந்த கழிவ பக்கத்து ஊரு பாப்பான்ல கொட்டப் போறாங்கன்னு தெரிஞ்சு 1984-ல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. 1992 ஜூலையில ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொல்லுச்சு, அடுத்த வருஷக் கடைசியில மேல் நீதிமன்றம் அதை மாத்துச்சு, அப்புறம் 1994-ல கம்பெனியே மூடிட்டுப் போச்சு. கழிவு இன்னும் கிளெடாங் மலையிலதான் புதைஞ்சு கிடக்கு. 2018 ஆகஸ்ட்ல சிரம்பான்ல இருந்து ஷா ஆலாமுக்கு பிக்கப் வண்டியில போன 23 கிலோ கருவி, உள்ள கதிர்வீச்சு வீசுற இரிடியம், வழியில காணாமப் போச்சு. அணுமின் நிலையத்தோட ஒப்பிட்டா இது தூசி. ஆனா தூசியத்தான் முதல்ல கவனமா வெச்சிருக்கணும்.

நான் அணுமின்சக்திக்கு எதிரி இல்லங்கறதயும் தெளிவாச் சொல்லிடுறேன், இல்லன்னா அடுத்த வாரம் யாராவது அப்படி எழுதுவாங்க. சிலாங்கூர்ல பாங்கியில 1982-ல இருந்து ஒரு ஆராய்ச்சி உலை, 1 மெகாவாட், நம்ம ஆளுங்களே ஓட்டுறாங்க. தீபகற்பத்துல நம்ம கரண்ட்டுல பெரும் பங்கு நிலக்கரியில இருந்து வருது, காப்பார், மஞ்சோங் புகைபோக்கியெல்லாம் நாம பாத்ததுதான். ஒரே அளவு கரண்ட்டுக்குக் கணக்குப் பாத்தா, செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்தாக்கூட, நிலக்கரிப் புகையால சாகுறவங்கதான் ரொம்ப ரொம்ப அதிகம். இதை மறைச்சிட்டுப் பேசுனா நானும் லாக் புக்ல பொய் எழுதுன மாதிரிதான் ஆகும். ஃபுகுஷிமாவுல கதிர்வீச்சால செத்ததா ஜப்பான் அரசாங்கம் 2018-ல ஒத்துக்கிட்டது ஒரு தொழிலாளிய. ஆனா அவசர அவசரமா இடம் மாத்துனதுல, அலைச்சல்ல, ஆஸ்பத்திரியில இருந்தும் முதியோர் இல்லத்துல இருந்தும் பஸ்ல ஏத்துனதுல, அந்த ஒரு மாநிலத்துல மட்டும் 2,000 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் வயசானவங்க. இதையும் சேர்த்துத்தான் பாதுகாப்புன்னு பேசணும். இங்க அவசரமா ஊரக் காலி பண்ணணும்னா என்ன ஆகும்னு, ஹரி ராயாவுக்கு பினாங்கு பாலத்துல நிக்கிற காருங்கள நினைச்சுப் பாருங்க.

அதே சுனாமியில ஒனகாவான்னு இன்னொரு நிலையம். நிலநடுக்கம் வந்த இடத்துக்கு ஃபுகுஷிமாவ விட அதுதான் கிட்ட. அங்க அலை 13 மீட்டர், ஆனா தரை 14 மீட்டருக்கு மேல. கட்டும்போது ஹிராய் யானோசுகேன்னு ஒரு இன்ஜினியர், பழைய காலத்து அலைக் கணக்கெல்லாம் எடுத்துப் பாத்து, செலவானாலும் பரவாயில்ல, மேடாத்தான் இருக்கணும்னு பிடிவாதமா நின்னாராம். அவர் 1986-லயே இறந்துட்டாரு. அவரு போயி 25 வருஷம் கழிச்சு அந்த அலை வந்தப்ப, வீட்ட இழந்த ஊர்க்காரங்க 300 பேருக்கு மேல அந்த அணுமின் நிலையத்துக்குள்ளதான் தஞ்சம் புகுந்தாங்க. ஒரே கடல், ஒரே அலை. டெக்னாலஜி நல்லதா கெட்டதான்னு சண்டை போடுறவங்க இந்த ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.

நம்ம நாட்டுல 2011 ஜனவரியில அணுமின்சக்திக்குன்னு ஒரு கழகம் ஆரம்பிச்சாங்க, ரெண்டே மாசத்துல ஃபுகுஷிமா நடந்து பேச்சு அடங்குச்சு, 2018-ல அதை மூடுனாங்க. இப்ப 13-வது மலேசியத் திட்டத்துல மறுபடி வந்திருக்கு, 1984 அணுசக்தி உரிமச் சட்டத்தத் திருத்த 2025-ல மசோதாவும் வந்துச்சு. அப்ப கேக்க வேண்டியத இப்பவே கேக்கணும், இடம் பாத்து கம்பி கட்டுன பிறகு கேட்டு பிரயோசனம் இல்ல. ஜப்பான்ல உலைய வளர்க்குற அமைச்சு கீழயேதான் உலையக் கண்காணிக்கிற அமைப்பும் இருந்துச்சு, உலை உருகுன பிறகுதான் 2012-ல தனியாப் பிரிச்சாங்க. இங்க அணு ஆராய்ச்சி பண்ற இலாகாவும் உரிமம் குடுக்குற இலாகாவும் இத்தனை வருஷமா ஒரே அமைச்சு கீழதான் இருந்து வந்திருக்கு. நிலையத்தோட சுவிட்ச நிறுத்தச் சொல்ற அதிகாரம் உள்ளவர், அமைச்சருக்குப் பதில் சொல்றவரா இல்லாம நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்றவரா இருக்கணும். அவசர ஜென்செட் எத்தனை தடவ ஓட்டிப் பாத்தாங்க, எத்தனை தடவ ஸ்டார்ட் ஆகல, எந்த வால்வு மாட்டிக்கிச்சுன்னு மாசா மாசம் வெளியிடணும், தேசிய மொழியில மட்டும் இல்லாம தமிழ்லயும் சீனத்துலயும். 1972 அரசாங்க இரகசியச் சட்டத்த இதுக்குள்ள கொண்டு வரவே கூடாது. முக்கியமா, ஸ்டார்ட் ஆகலன்னு லாக் புக்ல உண்மைய எழுதுற சின்ன டெக்னீஷியனோட வேலைக்கு ஆபத்து வராதுன்னு சட்டத்துலயே எழுதணும். எனக்கு அன்னைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருந்தா நான் அந்த நம்பரப் போட்டிருக்க மாட்டேன். மூணு பிள்ளைங்க, வீட்டுக் கடன், மேல இருந்தவர் முகத்தப் பாத்தாலே பேச்சு வராது.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்குறேன் ஐயா. உங்க நிருபர அனுப்பி, பாங்கி ஆராய்ச்சி உலையில பதிவான கோளாறுகள், சின்னதோ பெருசோ, பொதுமக்கள் போய்ப் பாக்குற மாதிரி எங்கேயாவது இருக்கான்னு அமைச்சுகிட்ட கேளுங்க, என்ன பதில் வருதோ அப்படியே போடுங்க. அப்புறம் பிறையிலயும் பத்து காவான்லயும் கூலிம்லயும் நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேர் டெக்னீஷியனா, சார்ஜ்மேனா இருக்காங்க. அவங்க ஆலையில இந்த வாரம் ஜென்செட் நிஜமாவே ஓடுச்சான்னு அவங்க எழுதி அனுப்பட்டும், பேர் போடாம நீங்க பிரசுரிங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு.